கூரைப்புடவையில் ஒரு வெட்டு

எங்கள் பக்கத்து வழக்கப்படி திருமணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடைபெறும். மாப்பிள்ளை வீடு கூடுவாஞ்சேரியிலோ செங்கற்பட்டிலோ இருந்திருந்தால் இவ்வழக்கத்தால் எனக்கு யாதொரு தொல்லையும் நேர்ந்திராது. என் மகளுக்கு அமைந்த இடமோ தில்லி. மாப்பிள்ளையின் தந்தை மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணியேற்றுப் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்குக் குடியேறியவர். ஆகவே எண்பதுகளின் இறுதியில் ஒரு தை மாதத்தில், தாம்பரத்திலிருந்து பன்னிரண்டு பேர் பெட்டி படுக்கைகளுடன் இரயிலேறி, நாட்டின் மறுமுனைக்குச் சென்று ஒரு திருமணத்தை நடத்தி வரவேண்டியதாயிற்று.

கூரைப்புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டாரின் உரிமை. கார்த்திகை மாதத்தில் மாப்பிள்ளையின் தாயார் காஞ்சிபுரம் வந்து, அரக்கு நிறத்தில் மாம்பழ மஞ்சள் கரையிட்ட பட்டொன்றைத் தாமே தேர்ந்தெடுத்து, அம்மன் சந்நிதியில் வைத்து வாங்கி, ஒரு மூலையில் மஞ்சள் தடவி, நேரே எங்கள் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். என் மனைவியின் கையில் அதைக் கொடுத்துச் சொன்னார்: "ரவிக்கைத் துணி இதுலேயே இருக்கு அண்ணி. உங்க பொண்ணு அளவுக்குத் தெச்சு ரெண்டையும் தில்லிக்கு எடுத்துட்டு வந்துடுங்க. அங்க தட்டுல வெச்சு சபையில எல்லாரும் தொட்டுக் குடுத்தப்புறம்தான் பொண்ணு கட்டணும்."

அவர் ஊர் திரும்பியதும் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் மங்கலத் துணியில் கத்தரி வைத்தல் ஆகாதென்று என் மனைவி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், நல்ல நேரம் பார்த்து, அப்புடவையை எடுத்து என் முன்னே வைத்தாள். இன்னும் ஆறு நாளில் புறப்பட வேண்டும்.

என் முன்னே வைத்ததற்குக் காரணம் உண்டு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எனினும் துணி வெட்டும் தொழிலை ஒருவரிடமும் மாணவனாக அமராமல், பார்த்துப் பார்த்தே கற்று, சானடோரியம் அருகே இருந்த ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் கட்டிங் மாஸ்டராக உயர்ந்தவன். கடல் கடந்து செல்லும் சட்டைகளை வெட்டுபவன், தன் மகளின் கூரைப்புடவையை வேறொருவர் கத்தரிக்குக் கொடுப்பதா என்ற பெருமிதம் எனக்கு இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

நிறுவனத்தில் நாற்பது, ஐம்பது துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நீண்ட மேசையில் விரிப்போம். விரித்து முடித்தவர் அடுக்குகளின் எண்ணிக்கையை உரக்கச் சொல்வார். நான் ஓரத்தில் விரலோட்டி எண்ணி அதைத் திருப்பிச் சொல்வேன். இரண்டு எண்ணும் ஒத்துவந்தால்தான் கத்தி ஓடும். இவ்வொழுங்கை அங்கு ஏற்படுத்தியவனே நான்தான். வீட்டில் விரிப்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. பாயின் மீது வெள்ளை வேட்டியை விரித்து, புடவையின் உள்முனையிலிருந்த ரவிக்கைத் துணியை மட்டும் நீட்டி, மீதியை மடித்தவாறே பக்கத்தில் தள்ளி, சாக்கட்டியால் கோடிட்டு வெட்டினேன். மடிப்பில் ஒன்று வழுக்கிக்கொண்டு கோட்டின் அடியில் புகுந்திருந்ததை நான் காணவில்லை. என் கையும் உணரவில்லை. நாற்பது அடுக்கின் எதிர்ப்புக்குப் பழகிய கைக்கு இரண்டு அடுக்குப் பட்டு ஒன்றாகவே தோன்றிற்று.

ரவிக்கைத் துணியை எடுத்து அப்பால் வைத்தபோதுதான் கீழே இருந்தது தெரிந்தது. புடவையின் உடற்பகுதியில், கரைக்குச் சற்று மேலே, நான்கு விரற்கடை நீளத்துக்கு ஒரு வெட்டு. நேரான, சுத்தமான, தேர்ந்த கைவேலை.

என் மனைவி காப்பியுடன் வந்தாள்.

"ஏங்க, ஏன் இப்படிச் சிலையாட்டம் உக்காந்திருக்கீங்க? காப்பி ஆறுது."

நான் விரலால் காட்டினேன். அவள் காப்பியைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோரம் அமர்ந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. பொண்ணுகிட்டகூட."

அதே நிறத்தில் வேறொன்று வாங்கிவிடலாமா என்று ஒருகணம் எண்ணினோம். அம்மன் சந்நிதியில் வைத்து வாங்கி, அந்த அம்மாள் தம் கையால் மஞ்சள் தடவிய புடவையை மாற்றுவது, வெட்டியதைக் காட்டிலும் பெரிய பிழை என்று இருவருக்கும் உடனே விளங்கிற்று. என் அச்சம் புடவையின் அழகைப் பற்றியதன்று. வெட்டுப்பட்ட கூரை ஆகாதென்பார்கள். நாளை அந்த வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டாலும், ஒருவருக்கு வேலை மாற்றம் வந்தாலும், 'வெட்டுப்பட்ட கூரையைக் கட்டிக்கொண்டு வந்தவள்' என்று ஒரு சொல் எழக்கூடும். மொழி தெரியாத ஊரில், தாய் தந்தை இருவரும் இரண்டு நாள் பயணத் தொலைவில் இருக்க, அச்சொல்லைக் கேட்டுக்கொண்டு என் மகள் தனியே நிற்பாள். என் கண்முன் நின்றது இதுவே.

மறுநாள் புடவையை ஒரு துணிப்பையில் சுற்றி நிறுவனத்துக்கு எடுத்துச் சென்றேன். எங்கள் பழுது பார்க்கும் பிரிவில் பல்லாவரத்திலிருந்து வரும் அம்மையார் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், அனைவருக்கும் அக்கா. இழை அறுந்த துணியில் அவர் ஊசி போட்டால், போட்ட இடத்தைத் தர ஆய்வாளரும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உணவு இடைவேளையில் சன்னலோரம் அவரிடம் பையைத் திறந்தேன்.

"இன்னா மாஸ்டர்," என்றார் அவர், "இம்மா நாளா டேமேஜ் வந்தா எங்களதான் புட்சி வாங்குவ. இப்ப நீயே ஒண்ணு கொண்டாந்துகீறயா?"

"மெதுவா பேசுங்க அக்கா. பொண்ணோட கூரைப்புடவை."

"அட பெருமாளே! குடு, குடு. அதுக்கு ஏன் அயுவுற?"

"நான் எங்க அழுதேன்?"

"வாய் அயுவல. மூஞ்சி அயுவுது."

ரவிக்கைத் துணியின் ஓரத்தில் மிஞ்சிய பட்டிலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக உருவி, இரண்டு நாள் உணவு இடைவேளைகளில், குறுக்கும் நெடுக்குமாக அவர் அந்த வெட்டை நெய்து மூடினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"கண்ணுக்குத் தெரியாது மாஸ்டர். ஆனா கை வெச்சா தெரியும், லேசா தடிப்பு கீது. யாரும் கை வெக்காம பாத்துக்கோ."

சபையில் உள்ளோர் அனைவரும் தொட்டு ஆசீர்வதிக்கப் போகும் புடவையை, யாரும் கை வைக்காமல் எவ்வாறு பார்த்துக்கொள்வது? அவரிடம் இதைக் கேட்கவில்லை. நன்றி கூறி வந்துவிட்டேன். ரவிக்கையை வெட்டும் பொறுப்பை என் மனைவி என்னிடமிருந்து பறித்து, மார்க்கெட் தெருத் தையற்காரரிடம் ஒப்படைத்தாள். மறுப்பதற்குரிய தகுதியை நான் இழந்திருந்தேன்.

பின்னர்ப் பெட்டி அடுக்கும் வேலை தொடங்கிற்று. ஏற்றுமதிச் சரக்கை அடுக்கும் முறையிலேயே அடுக்கினேன். ஏழு உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் எண், மூடியின் உட்புறத்தில் உள்ளிருப்பவற்றின் பட்டியல். தாம்பாளங்களும் குத்துவிளக்கும் இரும்புப் பெட்டியில். அதிரசமும் முறுக்கும் எண்ணெய்த் தகரங்களில். வழியுணவாக எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, புளியோதரை, இரண்டு கூஜாத் தண்ணீர்.

"இது என்ன கப்பல்ல ஏத்துற சரக்கா?" என்று என் மனைவி கேட்டாள். "நாலாம் நம்பர் பெட்டியில சீப்பு இருக்குன்னு எழுதி ஒட்டுற ஆளை நான் இப்பத்தான் பார்க்கிறேன்."

எட்டாவது உருப்படியாகிய கூரைப்புடவை எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. சரிகை கறுத்துவிடும் என்பதால் நாப்தலின் உருண்டை வைக்காமல், வெள்ளைத் துணியில் சுற்றி, பழுது உள்மடிப்பில் அமையுமாறு பலமுறை மடித்துப் பார்த்து, ஒரு தோள்பையில் வைத்து என்னிடமே வைத்துக்கொண்டேன்.

தில்லிக் குளிருக்கு உடை வேண்டுமே. தாம்பரத்தில் யாரிடம் கம்பளிச் சட்டை இருக்கிறது? தைப்பனிக்குத் தலையில் துண்டு கட்டுபவர்கள் நாங்கள். நல்வாய்ப்பாக எங்கள் நிறுவனத்தில் அவ்வாண்டு ஐரோப்பிய நாடொன்றுக்குத் தைத்த பச்சை நிறக் குளிர்ச்சட்டைகள் சில தரத்தில் தேறாமல் கிடந்தன. பன்னிரண்டு சட்டைகளைக் கேட்டுப் பெற்றேன். என் மைத்துனர் ஒன்றை அணிந்து கண்ணாடி முன் நின்றார்.

"மாமா, கை முழங்காலைத் தொடுது. எந்த ஊர்க்காரனுக்குத் தெச்சீங்க?"

"மடிச்சு விட்டுக்கோ."

"மடிச்சு விட்டா கை ரெண்டும் தலகாணி ஆயிடுது மாமா."

புறப்படும் நாளன்று விடியலில் திருநீர்மலை இருந்த திசை நோக்கி என் மனைவி கைகூப்பினாள். வேண்டுதல் என்னவென்று நான் கேட்கவில்லை. தாம்பரத்திலேயே புறப்படும் மின்சார வண்டி ஆதலால், ஏழு பெட்டிகளையும் உட்காரவைக்க இடமிருந்தது. பார்க் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்து சென்ட்ரல் சேர்ந்து, தில்லி வண்டியில் ஏறி, பெட்டிகளை எண்ணி இருக்கைக்கடியில் சங்கிலியிட்டுப் பூட்டினேன். தோள்பை மட்டும் என் மடியில்.

விசயவாடா தாண்டியதும் எதிரே சன்னலோரம் அமர்ந்திருந்த என் மகள் கேட்டாள்: "அப்பா, அந்தப் பையை மேல வெச்சா என்ன? சாப்பிடும்போதுகூட மடியிலேயே வெச்சிருக்கீங்க."

"சரிகை மடங்கிடும்மா."

அவள் என்னையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு வெளியே திரும்பிக்கொண்டாள். என் மனைவி என் காதருகில், "வாயைத் திறந்தீங்கன்னா அவ்வளவுதான்" என்றாள். நான் திறக்கவில்லை. எனினும், நிறுவனத்தில் வெட்டுப் பழுதை மறைத்து அடுக்கின் நடுவே சொருகியவர்களை நான் எவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கிறேன் என்பது, நாகபுரி வருமுன்பே எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் காலை, பனிமூட்டத்தில் தில்லி நிலையத்தில் இறங்கினோம். பன்னிரண்டு பேரும் ஒரே பச்சையில், கையை மடித்துவிட்டுக்கொண்டு, வரிசையாக நடைமேடையில் நின்றோம். மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் எங்களை அழைக்க வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா எங்களை இரண்டு முறை கடந்து சென்றுவிட்டார். மூன்றாம் முறை என் முகத்தை உற்றுப் பார்த்து நின்றார்.

"அட, நீங்களா சம்பந்தி! கல்யாண பேண்டு வாத்தியக்காரங்கன்னு நெனச்சேன். இந்த ஊர்ல அவங்கதான் இப்படி ஒரே கலர்ல வருவாங்க."

"நாதஸ்வரம்கூட பெட்டியில இருக்கு, எத்தனாம் நம்பர்னு மாமாவைக் கேளுங்க" என்றார் என் மைத்துனர். அனைவரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும், நினைவில்லை.

அங்குள்ள தமிழர்கள் கட்டிய திருமணக்கூடம் ஒன்றில் எங்களுக்கு அறைகள் ஒதுக்கியிருந்தார்கள். மறுநாள் காலை முகூர்த்தம். அன்று பிற்பகல், மகள் மருதாணி இட்டுக்கொள்ள வேறு அறைக்குச் சென்றிருந்த வேளையில், மாப்பிள்ளையின் தாயார் கூரைப்புடவையைப் பெற்றுச் செல்ல எங்கள் அறைக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார்.

"குடுங்க அண்ணி, தட்டுல அடுக்கிடுறேன். நாளைக்கு என் பெரிய பொண்ணுதான் கட்டி விடுவா. நாத்தனார் முறை ஆச்சே."

என் மனைவி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் கட்டிலில் அமர்ந்து வெள்ளைத் துணியை விலக்கி, புடவையை மடியில் வைத்து, ஒரு மடிப்பைப் பிரித்து உள்ளங்கையால் மெல்லத் தடவினார். சோதிக்கும் எண்ணமில்லை, தாம் எடுத்த பட்டைத் தொட்டுப் பார்க்கும் ஆசை மட்டுமே. இரண்டாம் மடிப்பைப் பிரித்தார். பழுது நான்காம் மடிப்பில் இருந்தது. அவர் கை கண்டுபிடிக்குமுன் என் வாய் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

"அம்மா, அந்தப் புடவையில ஒரு பழுது இருக்கு. நான் பண்ணினது."

என் மனைவி கண்களை மூடிக்கொண்டாள்.

வெட்டு நேர்ந்த விதத்தை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மடிப்பு புகுந்தது, எண்ணிப் பார்க்காதது, இழை கோத்து மூடியது யாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"எங்க? காட்டுங்க."

சன்னலருகே பிரித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தும் அகப்படவில்லை. கடைசியில் என் மனைவிதான் அவர் விரலைப் பிடித்து அவ்விடத்தில் வைத்தாள்.

"இதுவா?"

"ஆமா அண்ணி" என்றாள் என் மனைவி.

அவர் விரலால் அந்தத் தடிப்பை இருமுறை முன்னும் பின்னும் வருடினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கிறேன். இந்த ரவிக்கை எங்கேருந்து வந்துச்சு?"

"இந்தப் புடவையிலிருந்து வெட்டினதுதான்."

"நல்ல நேரம் பாத்துத்தான வெட்டினீங்க?"

"ஆமாம்மா."

"அதே நேரம், அதே கத்தரி, அதே கை. ரவிக்கைக்கு விழுந்த வெட்டு மங்கலம், அதுக்குக் கீழ விழுந்த வெட்டு மட்டும் தோஷமா? போங்கண்ணா, நீங்க ஒரு பக்கம்!"

என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று விளங்கவில்லை.

"யாரு இதைத் தெச்சது?"

"எங்க கம்பெனியில ஒரு அக்கா."

"அந்த அக்கா கைக்கு வளையல் போடணும்" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு. எங்க வீட்டுக்காரர் காதுக்கும் என் பெரியவ காதுக்கும் இது போகவேண்டாம். அவர் பஞ்சாங்கத்தை விரிப்பார். இவ அதைத் தெரு முழுக்கப் படிச்சுக் காட்டுவா. நாளைக்கு நானே கட்டி விட்டுடுறேன்."

"நாத்தனார் முறைன்னு சொன்னீங்களே அண்ணி" என்றாள் என் மனைவி.

"தோள்ல முந்தானையை அவ போடட்டும். அதுதான் முறை. கொசுவம் நான் வெக்கிறேன். அதுக்கு முறை கெடையாது, கை சுத்தம்தான் வேணும்."

போகுமுன் புடவையைத் தாமே மீண்டும் மடித்தார். நான் பலமுறை முயன்றும் கிட்டாத மடிப்பு அது. பழுது மூன்று சுற்றுக்கு உள்ளே போய்விட்டது. அன்று மாலை அத்தட்டு சபையில் சுற்றி வந்தபோது, நூறு கைகளாவது அப்புடவையைத் தொட்டிருக்கும். ஒவ்வொரு கையையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மாப்பிள்ளையின் தந்தை எல்லோரையும்விட அழுத்தமாக, இரண்டு கைகளையும் பதித்து, கண்மூடி வேண்டினார். அவர் மனைவி அப்பொழுது மிகவும் கவனமாகக் கூரையில் தொங்கிய விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மணப்பெண் அறையில் நிகழ்ந்ததை என் மனைவி சொல்லக் கேட்டேன். மூத்த மகளைப் பூ எடுத்துவர அனுப்பிவிட்டு, மாமியாராகப் போகிறவர் கொசுவம் வைக்கத் தொடங்கினாராம். வழக்கமாக வைக்கும் ஏழு மடிப்பில் பழுது வெளிமுகமாக வந்ததாம். பிரித்துவிட்டு எட்டாக வைத்தாராம். அது உள்முகமாகத் திரும்பிக்கொண்டது. என் மகள் குனிந்து பார்த்து, "அங்கதான் அத்தை, சரியா இருக்கு" என்றாளாம்.

இருவரும் திகைத்து அவளைப் பார்த்தார்கள்.

"உனக்கு எப்படிடி தெரியும்?" என்று கேட்டாள் என் மனைவி.

"அன்னிக்கு அப்பா ஒரே இடத்தைத் தடவித் தடவி மடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரே, அப்பவே கதவிடுக்குல பாத்தேன். சொன்னா அப்பா இன்னும் ஒடிஞ்சு போயிடுவார்னு விட்டுட்டேன். நான் கட்டிக்கப் போற புடவை, எனக்குப் பிடிச்சிருக்கு. வேற என்ன?"

மாமியார் அவள் கன்னத்தில் ஓர் இடி இடித்து, "அப்பனுக்குத் தப்பாத பொண்ணு இல்ல நீ. உனக்காவது வாயைத் திறக்காம இருக்கத் தெரியுது" என்றாராம்.

இவையெல்லாம் நிகழ்ந்துகொண்டிருந்தபோது நான் மணமேடையில், பட்டு வேட்டியும் அதன்மேல் பச்சைக் குளிர்ச்சட்டையுமாக அமர்ந்திருந்தேன். சட்டையைக் கழற்றச் சொல்லிப் புரோகிதர் இருமுறை கூறியும், பற்கள் அடித்துக்கொண்டதால் மூன்றாம் முறைதான் கழற்றினேன். மேளம் உயர்ந்தது. இருபுறமும் பெண்கள் சூழ என் மகள் கூரைப்புடவையில் நடந்து வந்தாள். அரக்கு நிறம் அந்தக் குளிர்காலக் காலையில் கனல்போல் ஒளிர்ந்தது. என் கண் என்னையறியாமல் அவள் முகத்தை விட்டுக் கொசுவத்துக்குச் சென்றது. வாழ்நாளெல்லாம் துணியில் பழுது தேடிய கண். ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தேன். அது எங்கே இருக்கிறதென்று தெரிந்தும் காண இயலவில்லை. முதல் மடிப்பிலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.

"அண்ணா!"

மாப்பிள்ளையின் தாயார் மேடைக்கு எதிரிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபை முழுவதும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"புடவையை அப்புறம் பாக்கலாம். தாரை வார்க்கணும், ஐயர் எவ்வளவு நேரமா கூப்பிடுறார்!"

சபை சிரித்தது. அவர்களுள் பெரும்பாலோர், பெண்ணைப் பெற்றவன் மகளின் அழகில் மெய்ம்மறந்துவிட்டான் என்று எண்ணியிருப்பார்கள். அப்படியே இருக்கட்டும் என்று எழுந்து, செம்பை வாங்கிக்கொண்டு, என் மகளின் கையருகே போய் நின்றேன்.